ரசீதோடு திரும்ப வேண்டாம்
வன்கொடுமை தடுப்புச் சட்டம்: புகாரிலிருந்து தீர்ப்பு வரை

தமிழ்நாட்டில் காவல் நிலையத்துக்குப் புகாரோடு போகிறவர் பல நேரம் கையில் வாங்கித் திரும்புவது ஒரு சிறு ரசீது. அதில் 'சி.எஸ்.ஆர்.' என்று ஓர் எண் இருக்கும், நிலையத்தின் முத்திரை இருக்கும். "பதிவு பண்ணியாச்சு, கூப்பிட்டு விசாரிக்கிறோம்" என்று ஏட்டு சொல்வார். வந்தவரும் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி வீடு திரும்புவார்.

உண்மையில் வழக்கு எதுவும் பதிவாகியிருக்காது. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை, அவ்வளவுதான். குற்ற வழக்கு தொடங்குவது எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கையில். இரண்டுக்கும் நடுவே போகிற நாட்களில் சாட்சிகள் மிரட்டப்படுவார்கள், ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேச வருவார்கள், எதிர்த் தரப்பிலிருந்து இன்னொரு புகாரும் வந்துவிடும்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்க 1989-இல் இயற்றப்பட்ட சட்டம் இந்தியாவின் கடுமையான சட்டங்களில் ஒன்று. ஆனால் அதன் பலம் பாதிக்கப்பட்டவர் கைக்குத் தானாக வந்து சேர்வதில்லை. முதல் சில நாட்களில் புகாரில் என்ன எழுதப்படுகிறது, எந்தக் காகிதம் கேட்டு வாங்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பிறகு நீதிமன்றத்தில் வழக்கு நிற்கும், அல்லது விழும். அந்தக் காகிதங்களைப் பற்றியது இந்த அத்தியாயம்.

தனிச் சட்டம் எதற்கு?

அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பதோடு நிற்கவில்லை. எல்லோருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு உண்டு என்றும் சேர்த்துச் சொல்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து, அதை எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் குற்றம் என்கிறது. அதை நடைமுறைப்படுத்த 1955-இல் ஒரு சட்டம் வந்தது. 1976-இல் அது திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரைப் பெற்றது. டீக்கடையில் தனிக் குவளை, முடிதிருத்தகத்தில் மறுப்பு, கோயில் வாசலில் தடை ஆகியவை அதில் குற்றங்கள். தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம்.

ஆறு மாதச் சிறைக்கு அஞ்சி நின்றுவிடுகிற அளவிலான குற்றங்கள் மட்டும் நடந்துகொண்டிருக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் நிலக்கிழார்களைத் தண்டித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நாட்டின் மற்ற பகுதிகளிலும் இப்படிப்பட்ட படுகொலைகள் தொடர்ந்தன. பொதுவான தண்டனைச் சட்டம் போதாது என்பது ஒப்புக்கொள்ளப்பட்டு 1989-இல் வன்கொடுமை தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1990 ஜனவரி 30-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் 1995-இல் வந்தன. 2016 ஜனவரி 26-இல் அமலான திருத்தம் குற்றப் பட்டியலை நீட்டி, பாதிக்கப்பட்டவரின் உரிமைகளுக்கென்று தனி அத்தியாயமே சேர்த்தது.

2018 மார்ச் 20-இல் உச்ச நீதிமன்றம், எஃப்.ஐ.ஆருக்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம், கைதுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று ஒரு தீர்ப்பில் கட்டுப்பாடுகள் விதித்தது. நாடெங்கும் போராட்டம் வெடித்தது. நாடாளுமன்றம் அதே ஆண்டு 18ஏ பிரிவைச் சேர்த்து அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கியது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் 18ஏ செல்லும் என்றும் தீர்ப்பானது. காவல் நிலையத்தில் இன்றும் யாராவது "விசாரிச்சுத்தான் எஃப்.ஐ.ஆர். போடணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு" என்றால், அவர் காலாவதியான தீர்ப்பைப் பேசுகிறார்.

யாருக்குப் பொருந்தும்?

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருக்க வேண்டும். குற்றம் செய்தவர் இவ்விரண்டு பிரிவையும் சேராதவராக இருக்க வேண்டும். ஒரு பட்டியல் சாதியினர் இன்னொரு பட்டியல் சாதியினரை இழிவுபடுத்தினால் இந்தச் சட்டம் பாயாது. பொதுவான தண்டனைச் சட்டத்தில்தான் வழக்கு.

தமிழ்நாட்டில் அடிக்கடி தடுக்கி விழும் இடம் மதம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர் குடும்பங்கள் இங்கே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றன. ஊரில் அவர்கள் மீது காட்டப்படும் பாகுபாடு அப்படியே இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நிலைமை வேறு. பழங்குடியினருக்கு இந்த மத வரம்பு கிடையாது.

ஆகவே முதல் காகிதம் சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரும் பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரும் வழங்குவது. பழங்குடிச் சான்றிதழுக்காக இருளர் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அலைவது தெரிந்த கதை. அலைச்சலைச் சம்பவத்துக்குப் பிறகு தொடங்கினால் வழக்கும் சேர்ந்தே இழுபடும். சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காகப் புகாரை வாங்க மறுக்க முடியாது. ஆனால் நீதிமன்றத்தில் சாதி நிரூபிக்கப்பட்டாக வேண்டும்.

எவையெல்லாம் குற்றம்?

சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் படிப்பவருக்கு அது நம் கிராமங்களின் நாட்குறிப்பைப் போலத் தோன்றும். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போவதைத் தடுப்பது, செருப்புப் போடுவதைத் தடுப்பது, புதுத் துணி உடுத்துவதைத் தடுப்பது, திருமண ஊர்வலத்தை மறிப்பது எல்லாம் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. சுடுகாட்டுப் பாதையை அடைப்பது, பொதுக் குளத்திலும் கிணற்றிலும் இறங்கவிடாமல் செய்வது, குடிநீரை அசுத்தப்படுத்துவது, மொட்டையடிப்பது, மீசையை மழிப்பது, பிணம் சுமக்கவும் குழி வெட்டவும் கட்டாயப்படுத்துவது, நிலத்தை அபகரிப்பது, ஊர் கூடி வேலையும் மளிகையும் கொடுக்காமல் ஒதுக்கி வைப்பது ஆகியவையும் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

ஊராட்சித் தலைவரைப் பணி செய்யவிடாமல் தடுப்பதும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். புகைப்படம் வெளிவந்ததும் இதே சட்டத்தில் வழக்குப் பதிவானது.

கொலை போன்ற, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களுக்கு 3(2)(வி) என்ற பிரிவு ஆயுள் தண்டனை விதிக்கிறது. 2016-க்கு முன், பாதிக்கப்பட்டவரின் சாதியை முன்னிட்டே குற்றம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. குற்றவாளியின் மனத்துக்குள் புகுந்து பார்க்க முடியாமல் வழக்குகள் அந்த இடத்தில் உடைந்தன. ஆந்திராவில் பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவருக்கு 2011-இல் நடந்த பாலியல் வன்கொடுமையில், உச்ச நீதிமன்றம் 2021-இல் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் இந்தப் பிரிவின் கீழான தண்டனையை மட்டும் நீக்கியது. காரணம், குற்றம் பழைய வாசகம் இருந்த காலத்தில் நடந்தது. இப்போதைய வாசகம், சாதி தெரிந்தே செய்தார் என்றால் போதும் என்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ முன்பே தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று 8-ஆம் பிரிவு கூறுகிறது.

புகார் எழுதுவது

இந்த இடத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். கற்பனையான ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளலாம். திருவிழா நேரத்தில் ஊர்த் தெரு வழியே பைக்கில் போன காலனி இளைஞர் ஒருவரை மறித்து, சாதிப் பெயர் சொல்லித் திட்டி அடிக்கிறார்கள். பதற்றத்தில் எழுதப்படும் புகார் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"நேற்று மாலை என்னைச் சாதியைச் சொல்லித் திட்டி அடித்தார்கள். தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்த இரண்டு வரியை வைத்து ஒரு வழக்கறிஞரால் ஒன்றும் செய்ய முடியாது. அதையே இப்படி எழுதலாம்:

"நான் இன்ன பட்டியல் சாதியைச் சேர்ந்தவன். 12-ஆம் தேதி மாலை சுமார் 6 மணிக்கு, மாரியம்மன் கோயில் எதிரே உள்ள பஸ் நிறுத்தம் அருகே பைக்கில் வந்தபோது, எங்கள் ஊர் மேலத் தெருவைச் சேர்ந்த, இன்ன சாதியைச் சேர்ந்த இன்னார் வண்டியை மறித்தார். என்னையும் என் தகப்பனாரையும் அவருக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். 'இந்தத் தெருவில் வண்டியில் உட்கார்ந்து போவாயா' என்று சொல்லி, (சொன்ன சாதிச் சொல் அப்படியே) என்று திட்டிச் சட்டையைப் பிடித்து இழுத்தார். கையால் இடது கன்னத்தில் அடித்தார். அப்போது டீக்கடையில் நின்றிருந்த இன்னாரும் பஸ்ஸுக்குக் காத்திருந்த இன்னாரும் பார்த்தார்கள், கேட்டார்கள்."

இரண்டாவது புகாரில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. இரு தரப்பின் சாதியும் சட்டம் பொருந்துவதைக் காட்டுகிறது. சிறு வயது முதல் தெரியும் என்பது 8-ஆம் பிரிவின் அனுமானத்துக்கு வழி செய்கிறது. வண்டியை மறித்தது தனிக் குற்றம். திட்டியதும் அடித்ததும் வேறு குற்றங்கள். சாதிச் சொல்லை எழுதக் கை கூசும். 'தகாத வார்த்தை' என்று மூடி எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் என்ன சொன்னார் என்பதே பதிவில் இராது.

இடமும் சாட்சியும் ஏன் இவ்வளவு முக்கியம்? சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தும் குற்றம் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்பது 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளின் நிபந்தனை. 2008-இல் வந்த ஸ்வரண் சிங் வழக்கில், வீட்டு வாசல் கேட் தனியார் இடமே ஆனாலும் தெருவில் போகிறவர் கண்ணில் படுவதால் அது பொதுப் பார்வைதான் என்றது உச்ச நீதிமன்றம். 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வெளியாள் யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் நடந்ததற்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்றது. 2025 ஜனவரியில் தீர்ப்பான வழக்கு திருச்சி மாவட்டம் லால்குடியிலிருந்து போனது. பட்டா தொடர்பாக வந்த ஒருவர், வருவாய் ஆய்வாளர் ஒருவரை அலுவலக அறைக்குள் சாதி சொல்லித் திட்டினார் என்பது புகார். உடன் பணியாற்றுபவர்கள் சம்பவத்துக்குப் பிறகே உள்ளே வந்தார்கள் என்று எஃப்.ஐ.ஆரிலேயே இருந்ததால் வழக்கு ரத்தானது.

ஆகவே யார் எங்கே நின்று கேட்டார்கள் என்பதை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். இல்லாத சாட்சியைச் சேர்ப்பது குறுக்கு விசாரணையில் முதலில் உடையும். அறைக்குள் நடந்ததற்கு அடி, மிரட்டல், தடுத்து வைத்தல் போன்ற வேறு பிரிவுகள் பொருந்தலாம். புகார் கொடுக்கத் தாமதமானால் அதற்கான காரணத்தையும், மருத்துவமனையில் இருந்தது, மிரட்டலுக்கு அஞ்சியது என எதுவானாலும், புகாரிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படி, யாரால் அடிபட்டது என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் அந்த விவரம் ஏறும். 'கீழே விழுந்துவிட்டேன்' என்று பயத்தில் சொன்ன ஒரு வரி பிறகு எதிர்த்தரப்பின் முதல் சான்றாகிவிடும்.

காவல் நிலையத்தில்

எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும். எழுதிக்கொள்வது காவல் அதிகாரியின் வேலை. எழுதியதைப் படித்துக் காட்டி, பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை உடனே, கட்டணமில்லாமல் தர வேண்டும். இவற்றைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அரசு ஊழியரின் கடமைகளாகப் பட்டியலிடுகிறது. வேண்டுமென்றே தவறும் அதிகாரிக்கு, அவர் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவரானால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. துறை விசாரணையின் பரிந்துரை வந்த பிறகே அந்த வழக்கு தொடர முடியும்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. வன்கொடுமைச் சட்டக் குற்றங்கள் பலவற்றுக்கு ஐந்தாண்டுத் தண்டனை என்பதால், இதைக் காட்டி நாள் கடத்த வாய்ப்புண்டு. அப்போது 18ஏ பிரிவைச் சுட்டிக்காட்ட வேண்டும். இந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆருக்கு முதற்கட்ட விசாரணை தேவையில்லை. பிற சட்டங்களோடு முரண்பட்டால் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 20-ஆம் பிரிவும் இருக்கிறது.

எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது பிரிவுகளை. அடிதடிப் பிரிவுகள் மட்டும் போட்டு வன்கொடுமைப் பிரிவை விட்டிருக்கிறார்களா? சாதிச் சொல் 'ஆபாச வார்த்தை' ஆகிவிட்டதா? அப்படியானால் அன்றே எழுத்தில், பிரிவு சேர்க்கக் கோரும் மனு கொடுத்து, அதன் நகலில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும்.

புகாரை வாங்கவே மறுத்தால் அடுத்த வழி தபால் நிலையம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பலாம். அவர் விசாரித்து எஃப்.ஐ.ஆர். பதிய உத்தரவிட வேண்டும் என்பது 1995 விதிகளின் 5-ஆம் விதி. அதற்கும் அசையவில்லை என்றால், தபால் ரசீதையும் பிரமாணப் பத்திரத்தையும் இணைத்து நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். சிறப்பு நீதிமன்றத்துக்கு வழக்கை நேரடியாக விசாரணைக்கு ஏற்கும் அதிகாரமும் உண்டு. ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் ரசீது தேவை. சி.எஸ்.ஆர். துண்டுச் சீட்டுக்கும் இங்கே ஒரு பயன் உண்டு: இன்ன தேதியில் புகார் வந்தது, எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஏழு நாள், அறுபது நாள்

புலனாய்வு செய்பவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். உதவி ஆய்வாளர் சாட்சிகளை விசாரித்து முடித்து, மேலதிகாரி கையெழுத்து மட்டும் போட்ட வழக்குகளில் இந்தக் குறையே எதிர்த்தரப்பின் ஆயுதமாகும். வாக்குமூலம் கொடுக்கும்போது எதிரே இருக்கும் அதிகாரியின் பெயரையும் பதவியையும் குறித்து வைப்பது நல்லது. குற்றப்பத்திரிகைக்கு 60 நாள் கெடு. தாண்டினால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.

நிவாரணம் கருணைத்தொகை அன்று. 12-ஆம் விதிப்படி ஏழு நாட்களுக்குள் மாவட்ட நிர்வாகம் அதை வழங்க ஏற்பாடு செய்ய வேண்டும். 2016 விதிகள் குற்றத்துக்கேற்ப 85,000 ரூபாய் முதல் 8.25 லட்சம் ரூபாய் வரை நிர்ணயித்தன. தமிழ்நாடு அரசு பின்னர் அதை 1 லட்சம் முதல் 12 லட்சம் வரை என உயர்த்தியது. பொதுவெளியில் இழிவுபடுத்தும் குற்றத்தில் கால் பங்கு எஃப்.ஐ.ஆர். பதிவானதும், பாதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும், மீதி கீழ் நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்ததும் வரும். கொலையில் பிரேதப் பரிசோதனைக்குப் பின் பாதி, குற்றப்பத்திரிகையோடு மறுபாதி. பணத்துக்கு மனு கொடுக்க வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஆதிதிராவிடர் நலப் பிரிவு. எஃப்.ஐ.ஆர். நகல், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றை இணைத்தால் அலைச்சல் குறையும். விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வரும் பயணச் செலவு கேட்பதும் பாதிக்கப்பட்டவரின், சாட்சியின் உரிமை. அதிகம் பேர் கேட்பதில்லை என்பதால் பேருந்துச் சீட்டுகளை யாரும் சேர்த்து வைப்பதும் இல்லை.

எதிர்வழக்கும் சமரசமும்

வன்கொடுமைப் புகார் போன மறுநாளே பாதிக்கப்பட்டவர் மீது திருட்டு, வழிமறிப்பு, பெண்ணைக் கேலி செய்தல் என்று ஒரு புகார் வருவது வாடிக்கை. 'கவுண்டர் கேஸ்' என்று ஊரே அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. இரண்டு வழக்கையும் காட்டி, "நீயும் வாபஸ் வாங்கு, அவங்களும் வாங்குவாங்க" என்று பேச்சு நடக்கும். பட்டியல் சாதியினர் மீது தீய நோக்கத்தோடு பொய் வழக்குத் தொடுப்பதும், அவர்களுக்குத் தீங்கு நேரும்படி அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் தருவதும் இதே சட்டத்தில் குற்றங்கள். எதிர்ப்புகார் வந்த தேதியும் நேரமும் இங்கே பேசும். முதல் புகார் 12-ஆம் தேதி இரவு, எதிர்ப்புகார் 14-ஆம் தேதி மாலை என்றால், எது எதற்கான பதில் என்பதை நீதிமன்றம் புரிந்துகொள்ளும்.

சமரசத்தைப் பொறுத்தவரை, வன்கொடுமைக் குற்றங்களை இரு தரப்பும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ள முடியாது. தனிப்பட்ட தகராறின் தன்மை உள்ள, சாதி இழிவு மையமாக இல்லாத வழக்கை மட்டும், பாதிக்கப்பட்டவர் அச்சமின்றிச் சம்மதிக்கிறாரா என்று பார்த்த பிறகு உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காவல் நிலைய மேசையில் எழுதி வாங்கப்படும் 'நாங்கள் சமாதானமாகப் போகிறோம்' கடிதத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. ஆனால் பிறகு சாட்சிக் கூண்டில் நிற்கும்போது அந்தக் கையெழுத்தை எடுத்துக் காட்டுவார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது என்ற பழைய அறிவுரை இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

நீதிமன்றத்தில்

குற்ற வழக்கு என்றால் அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையிலானது, பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி என்பது பழைய நிலை. 2016 திருத்தத்தின் 15ஏ பிரிவு அதை மாற்றியது. ஜாமீன் மனு உட்பட ஒவ்வொரு விசாரணையும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டித் தெரிவிக்கப்பட வேண்டும். ஜாமீன், விடுவிப்பு, தண்டனை எதைப் பற்றிய விசாரணையிலும் அவர் பேசலாம். இந்த அறிவிப்பு இல்லாமல் ராஜஸ்தானில் ஒரு கொலை வழக்கில் வழங்கப்பட்ட ஜாமீனை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 15ஏ வெறும் சடங்கு அன்று, கட்டாயம் என்பது அத்தீர்ப்பின் சாரம். முன்ஜாமீனை 18-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் புகாரைப் படித்தால் மேலோட்டமாகக்கூடக் குற்றம் தெரியவில்லை என்றால் நீதிமன்றங்கள் முன்ஜாமீன் தருகின்றன. இரண்டு வரிப் புகாரின் விலை இங்கேதான் தெரியும்.

இந்த உரிமைகளை ஒரு குடும்பம் விடாமல் பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் கோகுல்ராஜ் வழக்கு இருக்கிறது. சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி. வயது 21. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கு வேறு சாதித் தோழியோடு வந்திருந்தபோது கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே ரயில் பாதையில் தலை துண்டான உடல் கிடைத்தது. தற்கொலை என்று முடித்துவிட எல்லா வசதியும் இருந்தது.

அவருடைய தாய் விடவில்லை. நாமக்கல்லில் நடந்துவந்த விசாரணை, அவர் உயர் நீதிமன்றத்தை நாடியதால் மதுரையில் உள்ள வன்கொடுமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. அவர் கேட்டபடி மூத்த வழக்கறிஞர் ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞரானார். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அனுபவமுள்ள வழக்கறிஞரை அரசுச் செலவில் நியமிக்கலாம் என்று 4-ஆம் விதி கூறுகிறது. கூட வந்த தோழியே பிறழ்சாட்சியானார். வழக்கைத் தாங்கிப் பிடித்தது கோயிலின் கண்காணிப்பு கேமராப் பதிவு. 2022 மார்ச் 8-இல், முதன்மைக் குற்றவாளியான யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் கோயிலுக்கே நேரில் போய் கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். 2023 ஜூன் 2-இல் யுவராஜ் உள்ளிட்டோரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். இருவருக்கு மட்டும் தண்டனை குறைந்தது.

கேமராப் பதிவுகள் புதியவை ஏற ஏறப் பழையவை தானாக அழிந்துவிடும். சம்பவ இடத்தில் கடை, கோயில், வங்கி எதிலாவது கேமரா இருந்தால், அந்தப் பதிவைக் கைப்பற்றுமாறு புலனாய்வு அதிகாரிக்கு முதல் நாளே எழுத்தில் கேட்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் இருந்தால் பிரதி மட்டும் கொடுத்து, அந்தக் கைப்பேசியில் உள்ள மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

தீர்ப்பு பாதகமானால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம்.

வழக்குக்கு வெளியே

எல்லாவற்றுக்கும் எஃப்.ஐ.ஆர். ஒன்றே வழியன்று. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இரு முறை. நிலுவை வழக்குகளையும் தராத நிவாரணத்தையும் அங்கே எழுப்பலாம். எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

நிர்வாகம் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரை மாவட்டத்தில் இரண்டு சான்றுகள் உண்டு. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் பத்தாண்டு தேர்தலே நடக்கவிடாமல் தடுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006-இல், ஆட்சியராக உதயச்சந்திரன் இருந்தபோது தேர்தல் நடந்து, தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். உத்தப்புரத்தில் இரு தெருக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி, தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் இடதுசாரிகளும் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6-இல் இடிக்கப்பட்டது.

வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. சமூகப் பணியாளர், வழக்கறிஞர், தொண்டு நிறுவனம் என யாருடைய துணையையும் பெறும் உரிமையை 15ஏ(12) பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்திருக்கிறது. நீங்கள் ஊரில் எழுதத் தெரிந்த ஆசிரியராகவோ, கல்லூரி மாணவராகவோ, சுய உதவிக் குழுத் தலைவியாகவோ இருந்தால், சம்பவம் நடந்த அன்றே பாதிக்கப்பட்டவரோடு காவல் நிலையத்துக்குப் போய், தேதி, நேரம், இடம், சொல், சாட்சி ஐந்தையும் சரியாக எழுதிக் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்கும் வரை கூடவே இருங்கள்.